தேசிக்காய் மிதித்த வான்

மகேந்திரராஜா அண்ணைக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது ஆயிரத்து அறுநூற்று நாற்பது டொலர். அகதி முகாமால் என்னை வெளியே விட்டபோது அறை எடுக்க முன்பணம் தந்தவர். பிறகு பல்லுப் பிடுங்கவும் தந்தவர். வட்டி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் நான் வரவேண்டும், அவ்வளவுதான்.

ஸ்பிரிங்வேலில் அவர் வீட்டுப் புல்லை வெட்டினேன். வேலிக்குப் பலகை அடித்தேன். கூரைத் தண்ணி ஓடுகிற பீலியில் இறுகிக் கிடந்த சருகை அள்ளினேன். கடன் அசையவில்லை. "அது உதவியடா, கணக்கில்லை" என்பார். என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. கிழமை நாளில் கோழி வெட்டுகிற இடத்தில் கைக்காசுக்கு நிற்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும். "பயப்பிடாத, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று கேட்காமலே சொல்வார். அதைக் கேட்ட இரவுகளில் எனக்கு நித்திரை வராது.

அவர் மனைவி நாகபூசணி அக்கா தேத்தண்ணி தருவார். கையில் தரமாட்டார். படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். மனைவியின் கை இன்னொரு ஆணின் கையில் படாமல் இருந்தால்தான் அண்ணைக்குச் சரி.

அந்த வருசம் அண்ணை பழைய மோட்டர்ஹோம் ஒன்று வாங்கினார். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற பெரிய வான். கூரையில், முன்பக்கமாக, முந்தி வைத்திருந்தவனின் ரீவி டிஷ் துருப்பிடித்துச் சரிந்து நின்றது.

"சந்தா கட்டாட்டி உதில ஒண்டும் தெரியாது. கழட்டி எறிஞ்சுபோட்டு ரீவி அன்ரெனா போடு, அருந்தவன். இருநூறு கழிக்கிறன்."

கழிக்கிறன் என்ற சொல் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. ஆயுள் முழுக்க இந்த வாசலில் நிற்கத் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

இரவு மழை பெய்திருந்தது. கூரை வழுக்கியது. டிஷ்ஷின் ஆணிகள் சுற்றவே இல்லை, இரும்பு அரிகிற வாளால் அரிந்து எடுத்தேன். தூக்கினதும் அதற்கடியில் இருந்து கறுப்புத் தண்ணி ஊற்றியது. செத்த எலி மணம். ஓட்டைகளைச் சிலிக்கன் பசை வைத்து அடைத்து, அதே இடத்தில் புது அன்ரெனாவைப் பூட்டினேன். அது படுத்துக் கிடக்கும். உள்ளே கைபிடியைச் சுற்றினால் இரும்புத் தண்டு எழும்பி நிற்கும்.

நிமிர்ந்தபோதுதான் வயரைக் கண்டேன். றோட்டுக் கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வருகிற கறண்ட் வயர், வானின் மூக்குக்குக் கொஞ்சம் முன்னால், கூரையை விட ஒரு முழம் உயரத்தில் தொய்ந்து கிடந்தது. கறுப்புத் தோல் வெடித்து உரிந்திருந்தது. கிட்டப் போனால் மெல்லிய இரைச்சல்.

"அண்ணை, உந்த வயர் நல்லாப் பதிஞ்சு கிடக்கு. தோலும் இல்லை."

"வான் இஞ்ச நிக்குது, வயர் அங்க கிடக்குது. அது நடந்து வருமே?"

நாகபூசணி அக்கா சிரிக்கவில்லை. "எனக்கெண்டா உதைப் பாக்கப் பயமாக் கிடக்கு."

"உனக்குப் பிளேன் ஏறேக்கையும் பயமாத்தான் கிடந்தது."

அண்ணை உள்ளே போய்க் கைபிடியைச் சுற்றினார். தண்டு எழும்பியது. ரீவியில் படம் வந்தது. "கண்ணாடி மாதிரியடா!" என்று கத்தினார். நான் ஏணியால் இறங்கினேன். இருநூறு போய்விட்டது என்று மனம் கணக்குப் பார்த்தது.

"ராகுகாலம் துவங்கப் போகுது, இப்பவே தேசிக்காயை மிதியுங்கோ" என்றார் அக்கா. புதிதாக வாங்கின வண்டி முதல் பயணம் போக முன்னம் சில்லால் எலுமிச்சங்காய், எங்கள் பேச்சில் தேசிக்காய், நசிக்க வேண்டும். நாலு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொன்று வைத்தார். தட்டில் கற்பூரம் எரிந்தது.

அண்ணை சாரதி இருக்கையில் ஏறினார். இதை ஒருவரும் வான் ஓட்டுவதாக நினைப்பதில்லை. ஒரு முழம் உருளும், அவ்வளவுதான். அதனால் ஓட முன்னம் செய்யவேண்டிய எதையும் செய்யவில்லை. நானும் அக்காவும் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றோம். முன் சில்லு இரண்டும் நசித்தன. பின் சில்லுத் தேசிக்காய் ஒன்று வழுக்கி முன்னுக்கு ஓடியது.

"மிதிக்கேல்லை. இன்னும் கொஞ்சம்" என்றார் அக்கா.

வான் இன்னும் கொஞ்சம் வந்தது.

மேலே ஈரத்துணி கிழிகிற சத்தம். நீலப் பொறி கொட்டியது. இறக்காமல் விட்ட தண்டு வயரில் போய் நெரிந்து நின்றது. வீட்டு விளக்குகள் மங்கி எரிந்தன.

"என்னடா சத்தம்?" அண்ணை கதவைத் திறந்து காலை வெளியே போட்டார். கீழே ஈரச் சீமெந்து.

"இறங்காதேங்கோ அண்ணை! வான் முழுக்கக் கறண்ட்!"

"நீ ஆரடா எனக்குச் சொல்ல?"

அக்கா தட்டைப் போட்டுவிட்டுக் கதவடிக்கு ஓடினார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தேன்.

அண்ணை அதைக் கண்டார். அவருக்குப் பொறியும் தெரியவில்லை, வயரும் தெரியவில்லை. "விடடா அவளின்ர கையை!" ஒரு கை கதவுக் கம்பியில். கால் நிலத்துக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. நான் கையை விட்டால் அக்கா வானைத் தொடுவார். விடாவிட்டால் அண்ணை இறங்குவார்.

அக்கா திமிறுவதை நிற்பாட்டினார். மேலே பார்த்தார். பிறகு கத்தினார்: "நான்தான் பிடிக்கச் சொன்னனான்! காலை உள்ளுக்கு எடுங்கோ!"

அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. அண்ணை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கால் உள்ளே போனது.

தீயணைப்புக்காரர் வந்தார்கள். கறண்ட்காரர் வந்து வயரை வெட்டினார்கள். தொப்பிக்காரன் ஒருவன், இந்த அன்ரெனாவைப் பூட்டியது யார் என்று கேட்டான். நான் குறடும் வாளும் கிடந்த ஆயுதப் பையோடு குப்பை வாளியடியில் நின்றேன். ஒரு விரல் என் பக்கம் நீண்டால் போதும், பெயர் எழுதுவார்கள், விசா கேட்பார்கள். அண்ணை என்னைப் பார்த்தார். அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தார். என் விரல் அடையாளம் நாலும் அதில் சிவந்து கிடந்தன.

"நான்தான்" என்று இங்கிலீசில் சொன்னார். "வேற ஒருத்தரும் இல்லை."

அவர்கள் போன பிறகும் அண்ணை உட்காரவில்லை. என் முன்னாலேயே அக்காவைக் கேட்டார். "நீயோ பிடிக்கச் சொன்னனி?"

"ஓம்" என்றார் அக்கா, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

அவர் நம்பவில்லை. நசிந்த தேசிக்காய் மணமும் எரிந்த வயர் மணமும் முற்றத்தில் நின்றன.

"அண்ணை, அக்காவில ஒரு பிழையும் இல்லை..."

"ஆயிரத்து அறுநூற்று நாற்பதும் முடிஞ்சுது" என்றார். "ஒரு சதமும் தரத் தேவையில்லை. இனி இந்த வாசலுக்கு வராத."

அக்கா சட்டைக் கையை மணிக்கட்டு மறைய இழுத்துவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் கேற் பூட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு வீட்டுக் கதவு. எனக்கு இனி ஒருவரிடமும் கடன் இல்லை. றோட்டு முனை வரைக்கும் மெல்ல நடந்தேன். அக்கா கத்துகிற குரல் கேட்குமா என்று பார்த்தேன். கேட்கவில்லை.