அத்தான் வழுக்கி விழுந்த விதம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓசியில் கிடைத்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், குற்றம் செய்து பிடிபட்ட சிறுவர்களை அடைத்துவைக்கும் இல்லத்தில் வார்டன். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவர் சொல்லச் சொல்லச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: "உயர்ந்த மதில்களுக்குப் பின்னே வாடும் இளம் நெஞ்சங்கள்..."

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது. பால்புட்டியிலிருந்து தொடங்குகிறேன்.)

வார்டன்களின் ஓய்வறையில், ஓர் ஆணியில் காலிப் பால்புட்டி தொங்கும். பையன்கள் அடித்துக்கொண்டு, ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாமல் எந்த வார்டனாவது அபாய மணியை அமுக்கினால், அன்று முழுக்க அந்தப் புட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும். தலைமை வார்டன் கண்டுபிடித்த வழக்கம். "ஆம்பளைங்க வேலை பாக்குற இடம்யா இது" என்பார். ஆகவே மணியை யாரும் தொடுவதில்லை. பையன்களின் காயத்துக்கெல்லாம் ஒரே காரணம்: மாடிப்படியில் விழுந்தான். (அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.)

3.
ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் காவலுக்கு அத்தான் மட்டும். பெரிய பையன் ஒருவன், 'ஊசி' என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பையனின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

"விடுப்பா, நல்ல பையன்ல நீ" என்று அத்தான் கெஞ்சினார். விசில் ஊதினார்; வெறும் காற்றுதான் வந்தது. ஊசியின் முகம் நீலம் பாரித்தது. அத்தானின் கண்முன்னே பால்புட்டி ஊஞ்சலாடியது. அந்த நேரம் பார்த்து, கொட்டிக் கிடந்த பருப்பில் வழுக்கி, நேராகச் சுவரிலிருந்த மணிப் பொத்தானின் மேலேயே போய் விழுந்தார்.

வார்டன்கள் ஓடிவந்தார்கள். ஊசி பிழைத்தான்.

"யாருய்யா அமுக்கினது?" என்றார் தலைமை வார்டன்.

"அமுக்கல சார். வழுக்கி விழுந்துட்டேன்."

"அப்ப சரி." புட்டி ஆணியிலேயே இருந்தது.

4.
(இதுவரை எழுதியதை அக்கா எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள்.)

"இவர் எங்கடா விழுந்தாரு? அன்னைக்குப் பேன்ட்டத் துவைச்சவ நான். ஒரு பொட்டு மஞ்சக் கறை இல்ல."

அத்தானைக் கேட்டேன்.

"அமுக்கத்தான் செஞ்சேன் மாப்ள. அவனுக்குக் கண்ணு செருகிடுச்சு. வெளிய சொல்லித் தொலைக்காத."

மறுநாள் ஊசி, கம்மிய தொண்டையோடு அவர் பக்கத்தில் வந்து, "சார், நல்லா விழுந்தீங்க" என்றானாம்.

ஓர் உயிரைக் காப்பாற்றியதையே மறைத்தாக வேண்டிய வேலையிடம் எப்படிப்பட்ட (இங்கே ஒரு கட்டுரை கிளம்பியது. அடித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.)

5.
முடிவு ஒன்று: அத்தான் புட்டியைத் தானே எடுத்து, நெஞ்சை நிமிர்த்தி (மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: தலைமை வார்டன் மனம் திருந்தி, கண்ணீர் மல்க (நீங்களே சிரிப்பீர்கள்.)

நடந்தது வேறு. மற்ற வார்டன்களும் வழுக்க ஆரம்பித்தார்கள். பையன்கள் கைகலந்தால் போதும், ஆள் மாற்றி ஆள் மணியின் மேல் சரிந்தார்கள். ஒருமுறை தலைமை வார்டனே விழுந்தார், காய்ந்த தரையில், நின்று நிதானமாக. பையன்களின் உடம்பில் புதுக் காயங்கள் குறைந்தன.

மேலதிகாரிக்குக் கவலை வந்துவிட்டது. ஊழியர்களின் பாதுகாப்பு முக்கியமாயிற்றே. கூடம் முழுக்க வழுக்காத டைல்ஸ் பதிக்கச் சொல்லிவிட்டார். நேற்று வேலை முடிந்தது.

இன்று மதியம் அத்தானுக்கு அங்கேதான் பணி. சொரசொரவென்று அருமையான தரை. எவனாவது கையை ஓங்கினால், அத்தான் இனி

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அவரை விழவைக்க மட்டும் முடியாது.