சத்தம் மட்டும் ஏறிய சரிவு

சத்தம் மேலே போய்விட்டது, நாங்கள் கீழேயே இருந்தோம், எங்கள் வீட்டுக்கு ஏறும் சரிவின் பாதியில், எஞ்சின் உறுமிய உறுமல் மட்டும் வண்டியை விட்டு இறங்கித் தனியாக நடந்து, வளைவு திரும்பி, இந்நேரம் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது, எங்களுக்கோ ஜன்னலுக்கு வெளியே அதே ஹைட்ரேஞ்சாப் புதர், அதே நீலப் பூங்கொத்து, அதன்மேல் ஏறிக்கொண்டிருந்த எறும்புகூட எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, கோத்தகிரியில் பனி இறங்கும் பிற்பகல்களில் இப்படி எல்லாமே நின்றுவிட்டதுபோலத் தெரியும், அப்படித்தான் முதலில் நினைத்தேன், ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் மனைவி கோதை சாலையைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்க்கவில்லை, குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள், சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை, பிறகு எங்கோ ஏதோ மாட்டி, முதுகில் ஒரு இடி இடித்து, வண்டி ஏறத் தொடங்கியது. வண்டிக்கும் யோசிக்க நேரம் வேணும்போல, உன் புருஷன் மாதிரி, என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்காதது புதிதல்ல, கோதை திட்டாததுதான் புதிது.

அந்தப் பார்வையின் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறேன், போகப் போக அது எங்கெங்கோ கூட்டிப் போகிறது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் அவள் காப்பித் தட்டோடு வரவில்லை, தட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து காட்டி, பாத்துக்கிட்டீங்களா, எடது காலு சின்ன வயசுக் காய்ச்சல்ல போனது, வலது காலு ரெண்டு ஆள் வேலை பாக்குது, இப்ப சொல்லுங்க, என்றாள், நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை, காப்பி நல்லாயிருந்தது என்று சொன்னதாக அவள் இன்றுவரை சொல்கிறாள், குடிக்கவே இல்லையாம் அப்போது. அந்த வலது கால்தான் பள்ளிக்கூடப் படிகளை ஏறியது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நெம்புகோலும் கப்பியும் சொல்லிக்கொடுத்தது, எங்கள் மகள் எழிலைச் சுமந்தது, நான் தேயிலை ஃபாக்டரியில் சூப்பர்வைசர், பச்சை இலை ஏற்றும் ஜீப் என் கையில் இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தி மைதானத்துக்கு அதை ஓட்டிப்போய் அவளை உட்கார வைத்தேன், அவள் இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி கிளட்சின் மேல் வைத்தாள், அது தண்ணீர்மேல் இலை கிடப்பதுபோலக் கிடந்தது, கிளட்ச் அசையவில்லை, நாங்கள் திரும்பி வந்தோம், அன்று ராத்திரிச் சோற்றில் உப்பில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு, எவ்வளவோ பிறகு, எழில் கல்லூரிக்குப் போன பிறகு, குன்னூரில் ஒரு டாக்டர் தன் மகனோடு இருக்க வெளிநாடு போகிறார், காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம், பாசி நிறம், அப்போதே வயதான வண்டி, நான் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, டாக்டர், மிதிக்கறதுல ஒண்ணு காணோமே, யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க, என்றேன், டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார், ஆட்டோமேட்டிக் என்றால் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும், கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்று போதும், என்றார், கோதை சிரிக்கவில்லை, கிளட்ச் இருக்க வேண்டிய அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கூட்டமான பஸ்ஸில் தனக்காக யாரோ துண்டு போட்டு வைத்த இடத்தைப் பார்ப்பதுபோல. லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் அதிகாரி அவளைச் சற்று நடந்து காட்டச் சொன்னார், அவள் நடக்காமல் நின்ற இடத்திலேயே நின்று, நான் நடக்கறதுக்கு லைசென்ஸ் கேக்கலைங்க, என்றாள். அதிலிருந்து நான் இடதுபக்கத்து இருக்கைக்காரன், கோதை வளைவில் ஹாரன் அடிப்பதற்கு முன் வாயால் ஹாரன் அடிப்பவன், இல்லாத பிரேக்கை மிதிப்பவன், ஊரில் அதற்கு டீச்சர் வண்டி என்று பெயர், எனக்கு டீச்சர் வூட்டுக்காரர் என்று பெயர், இரண்டுமே தன்னால் ஓடக்கூடியவை அல்ல.

முதல் தடவை நின்றபின் அடிக்கடி நின்றது, எப்போதும் சரிவில், எப்போதும் சந்தை சுற்றி, அஞ்சல் நிலையம் போய், வண்டி நன்றாகச் சூடாகித் திரும்புகையில், இதெல்லாம் இப்போது வரிசையாகத் தெரிகிறது, அப்போது தெரியவில்லை, அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கோதை மிதிக்கிறாள், சத்தம் போகிறது, வண்டி போகவில்லை. பெங்களூரிலிருந்து எழில் போனில் சொன்னாள், அம்மா, போதும்மா, ஒரு டிரைவர் வெச்சுக்கலாம், அன்பாகத்தான் சொன்னாள். மெக்கானிக் செபாஸ்டியன் வீட்டுக்கே வந்தான், காலைக் குளிரில், வண்டி நேற்றிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கியர் ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு உருவி, ஆயில் இருக்கு சார், என்றான், வீட்டு வாசலிலிருந்து கீழ்ச்சாலைவரை இறங்கி ஒரு சுற்று ஏறி வந்தான், வண்டி பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகும் குழந்தைபோல மரியாதையாக ஏறியது, இறங்கிவந்து கையைத் துடைத்துக்கொண்டே, கோதை பக்கத்தில் நிற்க, என்னைப் பார்த்து, வண்டில ஒண்ணுமில்ல சார், மேடம் மிதிக்கிறது பத்தல, வயசாகுதில்ல, என்றான். மேடம் அவனுக்குக் காப்பி கொடுத்தாள். அவன் போன பிறகு சாவியை ஆணியில் மாட்டினாள், அதை மறுபடி எடுக்கவில்லை, சாமான் எல்லாம் ஆட்டோவில் வந்தது, அவள் கேட்காத கத்திரிக்காயோடும் கேட்ட கொத்தமல்லி இல்லாமலும்.

ஒரு காலை குளியலறைக் கதவு சாத்தாமல் இருந்தது, அவள் எடை பார்க்கும் இயந்திரத்தைத் தரையில் வைக்கவில்லை, சுவரோடு நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தாள், எதிரில் முக்காலியில் உட்கார்ந்து வலது காலை அதன்மேல் ஊன்றிச் சுவரைத் தள்ளுவதுபோலத் தள்ளினாள், முள் ஏறியது, விட்டாள், இறங்கியது, மறுபடி தள்ளினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய, நான் சத்தமில்லாமல் பின்வாங்கிச் சமையலறைக்குப் போய் எதற்காக வந்தேன் என்று தெரியாமல் உப்பு ஜாடியைத் திறந்து மூடினேன். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் எப்போதோ சொன்னதுண்டு, இளம்பிள்ளை வாதம் தொடாத கால்கூட அதிகம் உழைத்து உழைத்து வயதான காலத்தில் தளரலாம், எல்லாருக்கும் வராது, வரலாம், என்று, அப்போது அவள் சிரித்தாள், அது ரிட்டயர் ஆனா நானும் ஆயிடறேன் டாக்டர், என்று. இப்போது அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, வழுக்குவது வண்டியா, காலா. அதை அவள் என்னிடம் கேட்கவில்லை, கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்திருப்பாள், நானோ வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கினேன், எந்தச் சாமியிடம் இதைக் கேட்பது என்று தெரியவில்லை, எல்லாச் சாமிக்கும் புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் பழக்கம், வண்டியைக் கெடுத்துக் கொடு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் எனக்கென்று ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது, சரிவுக்கு அடியில் நான் வேலை பார்த்த ஃபாக்டரி, இப்போது புது சூப்பர்வைசர், சாவி ஆணிக்குப் போவதற்கு முன்பே கொஞ்ச நாளாக வண்டியில் அவ்வழியாக வரும்போதெல்லாம் தீய்ந்த வாடை, தூளை டிரையரில் அளவுக்கு மேல் சூடேற்றினால் வரும் அதே வாடை, வாழ்நாள் முழுக்க இந்த மூக்கை வைத்துத்தான் சம்பாதித்தேன், விடுவேனா, ஒருநாள் உள்ளே போய், தம்பி, டிரையரைக் கொஞ்சம் குறைங்க, ஊரே கருகுது, என்றேன், அவர் மரியாதையாக, சார், தூளைக் குடிச்சுப் பாருங்க, என்று ஒரு கோப்பை நீட்டினார், நல்ல தேநீர், அதைக் குடித்துவிட்டும் நம்பவில்லை, குறைந்தது மூக்காவது எனக்கு ரிட்டயர் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மதியம், சாப்பிட்டு முடித்த கையோடு, நான் ஓட்டிப் பாக்கறேன், என்றேன், கோதை தலை தூக்கினாள், இத்தனை வருடத்தில் நான் அந்த வண்டியை இரண்டே தடவை தொட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் ஜீப் பழக்கத்தில் என் இடது கால் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்து அவள் நெற்றி டாஷ்போர்டில் இடித்தது, உங்க எடது காலை என்ன பண்ணப்போறீங்க, என்று கேட்டாள், வீட்டிலயே விட்டுட்டு வந்துடறேன், என்றேன், அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், எதற்காக இதைச் செய்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது, எழுந்துபோய் என் பழைய கம்பளி மஃப்ளரை எடுத்து வந்தாள், என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, கஷ்டப்பட்டுக் குனிந்து, என் இடது கணுக்காலை இருக்கைக்கு அடியில் இழுத்து அதன் இரும்போடு சேர்த்துக் கட்டினாள், மேலே ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொன்று, நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இப்பத்தான் நீங்க எனக்கு ஜோடி, என்றாள்.

அப்படிப் போனோம், சந்தை, அஞ்சல் நிலையம், தேவையில்லாத ஒரு சுற்று, கட்டப்பட்ட கால் ஒவ்வொரு திருப்பத்திலும் துள்ளிக்கொண்டு எழப் பார்த்தது, எழ முடியாமல் விழுந்தது, எனக்குள் ஓர் ஆள் உதவ வந்து வந்து திரும்பிப் போவதுபோல இருந்தது, வலது கால் தனியாக எல்லாவற்றையும் செய்தது, போ என்பதும் நில் என்பதும் அதுவே, இப்படித்தான் இவள் இவ்வளவு காலமும் போனாளா, மாடிப்படி, மழை, பிரசவ ஆஸ்பத்திரி, என்று நினைக்கையில் கண்ணாடி மங்கியது, பனி என்று வைப்பரை ஓடவிட்டேன், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கோதை கையை நீட்டி வைப்பரை நிறுத்தினாள். சரிவு வந்தது. மிதிச்சே போங்க, வளைவுல விட்ராதீங்க, என்றாள், நான் மிதித்தேன், வண்டி ஏறியது, நன்றாக ஏறியது, அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள், போய்விடும், இந்தத் துரோகி மேலே போய்ச் சேர்ந்துவிடும், என் காலுக்குப் போகும், அவள் காலுக்குப் போகாது என்று ஆகிவிடும், நீலப் பூங்கொத்து வந்தது, சட்டென்று காலடியில் பிடி விட்டுப்போயிற்று, எஞ்சின் ஓலமிட்டது, முள் எகிறியது, பூங்கொத்து அங்கேயே நின்றது.

போகல கோதை, போகல, என்று கத்தினேன், லாட்டரி விழுந்தவன்போல, நல்லா மிதிச்சீங்களா, என்றாள், மிதிச்சேன், என்றேன், இன்னும் மிதிங்க, என்றாள், தரையைத் தொட்டுடுச்சு கோதை, இதுக்கு மேல மிதிச்சா கால் கீழ ரோட்டுல போயிடும், என்றேன், வண்டி மெல்லப் பின்னால் வழியத் தொடங்கியது, அவள் கைப்பிரேக்கை இழுத்தாள், அந்நேரம் வந்தது அந்த வாடை, தீய்ந்த வாடை, நான் பழக்கத்தில் கீழே ஃபாக்டரியைத் திரும்பிப் பார்த்தேன், புகைபோக்கியில் புகை இல்லை, கதவு சாத்தியிருந்தது, இன்று திங்கள், ஞாயிறு இலை பறிக்காததால் ஃபாக்டரிக்கு விடுமுறை, அப்படியானால் இவ்வளவு நாளும் கருகியது எங்கள் கியர் ஆயில், நான் சண்டை பிடித்தது ஒரு நல்ல தேநீரோடு. கோதைக்கும் அது புரிந்தது, மூக்கு, மூக்கு, என்று சொல்லத் தொடங்கிச் சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், முகத்தை முந்தானையில் மூடிக்கொண்ட பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிய நேரம் ஆயிற்று, நகர்ந்து போய் அவளைத் தொட வேண்டும்போல இருந்தது, கால் கட்டியிருந்தது, கையை நீட்டினேன், எட்டியது. பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழிலுக்கு போன் போட்டாள், எழிலு, வண்டிதான்டி கெட்டுப்போச்சு, என்று பேத்தி பிறந்த செய்திபோலச் சொன்னாள், அந்தப் பக்கம் எழிலுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

முடிச்சை அவிழ்க்க அவளுக்கே நேரமாயிற்று, இடம் மாறி உட்கார்ந்தோம், என் கால் மரத்துப் போய் எறும்பு ஊர்ந்தது, வண்டியைக் கொஞ்சம் ஆற விட்டோம், பிறகு அவள், முன்னாடி போற பிடிதானே வழுக்குது, பின்னாடி போற பிடி எப்படின்னு பாக்கலாமே, என்றாள், பழைய அறிவியல் டீச்சரின் குரல், வண்டியைச் சரிவின் அடிவரை விட்டு, ஃபாக்டரி வாசலில் திருப்பி, முதுகை மேட்டுக்குக் காட்டி ரிவர்ஸைப் போட்டு மிதித்தாள், பிடித்தது, கெட்டியாகப் பிடித்தது, அவள் ஒரு கை என் இருக்கையின் முதுகில், கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்க்க, நான் முன்னால் பார்க்க, தாண்டிய பாதையெல்லாம் கண்ணெதிரே விரிந்துகொண்டே போயிற்று, ஃபாக்டரி சிறிதானது, மைதானம் தெரிந்தது, அதில் எங்கோ ஒரு ஜீப்பில் ஒரு கால் கிளட்சின் மேல் இலைபோலக் கிடந்தது, நீலப் பூங்கொத்து பின்னாலிருந்து வந்தது, ஜன்னலுக்கு நேரே வந்தது, எறும்பைக் காணோம், பூ நிற்கவில்லை, முன்னால் நகர்ந்து கீழே போயிற்று, நான் வாயால் ஹாரன் அடித்தேன், இல்லாத பிரேக்கில் மரத்த காலை வைத்துக்கொண்டேன், அவள் தன் வலது காலைக் குனிந்து பார்க்கவேயில்லை, சத்தமும் நாங்களும் ஒன்றாக வளைவு திரும்பினோம்.