வெயிலில் ஏற்றிய விளக்குகள்

எங்கள் தெருவில் தீபாவளிக்கு அகல் விளக்கு வைக்க மூங்கிலை உருவங்களாக வளைப்பது பிள்ளைகளின் வேலை. பெரியவர்கள் ஆற்றங்கரையில் மூங்கிலை வெட்டிக் கொண்டுவந்து போடுவதோடு சரி. பிளப்பது, கணு சீவுவது, பச்சையாக இருக்கும்போதே வளைத்துக் கம்பங்களில் ஆணி அடிப்பது எல்லாம் நாங்கள்தான். சுனை பட்டு மூன்று வாரம் கை அரிக்கும்.

அந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. தோகை விரித்த மயில் என்று நான்தான் வரைந்தேன். மூன்று அடுக்குத் தோகை, முந்நூறு அகல். தம்பி நவீன் திரி திரித்தான். அடுத்த வீட்டு மார்லன் ஏணியில் ஏறிக் கட்டினான். மார்லன் வீட்டில் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போவார்கள். ஆனால் மூங்கில் வேலை என்றால் எங்களுக்கு முன்னால் வந்து நிற்பான். மழை வரும்போதெல்லாம் அகலில் தண்ணீர் தேங்காமல் ஓடிப்போய்க் கவிழ்த்து வைப்பதும் அவன்தான்.

தீபாவளியன்று காலையில் கிராமக் கமிட்டித் தலைவர் சுக்தேவ் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பருப்புப் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஓமாதி, நாலு மணிக்கெல்லாம் மயிலை ஏத்திடணும். மந்திரி வர்றாரு, கூடவே டிவிக்காரங்களும் வர்றாங்க," என்றார் சுக்தேவ் என்னிடம்.

"நாலு மணிக்கு வெயில் அடிக்குமே அங்கிள்."

"அடிச்சா என்ன? ராத்திரி செய்தியில காட்டணும்னா அப்பவே படம் எடுத்தாகணும். அவருக்கு இன்னும் மூணு ஊரு இருக்கு."

"பூஜை முடிஞ்சுதானே ஏத்துவோம்? எண்ணெயும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு."

சுக்தேவ் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "உன் பொண்ணு பண்டிட்டுக்கே பாடம் எடுப்பா போல."

அப்பா சிரிக்கவில்லை. "சொன்னதைச் செய்," என்றார் என்னிடம். சுக்தேவ் போன பிறகு காரணத்தையும் சொன்னார். வருஷா வருஷம் மழைக்கு எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறும். மந்திரி வந்து பார்த்தால் கால்வாய் வெட்டித் தருவார். "உன் மயிலைக் காட்டித்தான் அவரை இந்தத் தெருவுக்குள்ள வரவைக்கிறோம். புரியுதா?"

புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

நாலு மணிக்கு ஏற்றினோம். சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. எண்ணெய் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நவீன் ஒவ்வொரு அகலாக விரலை நீட்டிப் பார்த்து, "எரியுதுக்கா, சுடுது," என்று சொல்லிக்கொண்டே வந்தான். மந்திரி வந்தபோது ஐந்தாகிவிட்டது. எங்களைக் கழுவித் துடைத்து, புதுத் துணி உடுத்தி, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கேமராக்காரர் மயிலைச் சுற்றி வந்து, "ஒண்ணும் தெரியலையே, பிள்ளைங்களைக் கை தட்டச் சொல்லுங்க," என்றார். தட்டினோம்.

"ரொம்ப அழகா இருக்கே, யார் செஞ்சது?" என்று மந்திரி கேட்டார்.

"நம்ம கமிட்டிதான் சார்," என்றார் சுக்தேவ். "ஒரு மாசமா ராப்பகலா உழைச்சோம்."

மார்லன் என்னைப் பார்த்தான். அவன் கட்டைவிரலில் மூங்கில் கிழித்த இடத்தில் துணி சுற்றியிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசையை விட்டு நடந்தேன். விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் விரலை நாக்கில் தொட்டு, கீழ் அடுக்கின் முதல் திரியைக் கிள்ளி அணைத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. ஆறாவது அணைவதற்குள் நவீனும் வந்துவிட்டான். மார்லன் ஏணியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஏய், என்ன பண்றே?" சுக்தேவின் குரல் கீச்சிட்டது.

"இன்னும் இருட்டலை அங்கிள். இருட்டினதும் ஏத்துறோம்."

"மந்திரி நிக்கிறாரு, பைத்தியமா உனக்கு?"

"எங்க மயில் அங்கிள். கமிட்டி மயில் எதுன்னு தெரியலை, அதை வேணா எரிய விடுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மந்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா வேகமாக வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பி, எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். நான் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். அறைந்தவர்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மந்திரியின் கார் போய்விட்டது. கால்வாயைப் பற்றி யாரும் வாயைத் திறந்திருக்கவே இல்லை.

பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது. இருட்டத் தொடங்கியது. மற்ற தெருக்களில் விளக்கு ஏற்றுவது தெரிந்தது. எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று என் பெயரைச் சொல்லிப் பேசுவது காதில் விழுந்தது. பூஜையை முடித்துவிட்டு அம்மா வந்தாள். அவள் கையில் சமையலுக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய் போத்தல் இருந்தது.

"எந்திரி."

"நான் வரலை. அது கமிட்டியோடதாம்."

"கமிட்டிக்கு ஏணி ஏறத் தெரியுமா? நீ ஏறு. நான் ஊத்தித் தர்றேன்."

ஏறினேன். இரண்டு அடுக்குக்குத்தான் எண்ணெய் வந்தது. மூன்றாவது அடுக்கு இருட்டாகவே கிடந்தது. ஆனாலும் மயில் தெரிந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள், எங்கள் வீட்டில் சீனிப்பாகில் புரட்டிய குர்மா இனிப்பைக் கையில் வாங்கித் தின்றார்கள். அப்பா எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தடியில் நின்றார். கிட்டே வரவில்லை. செய்தியில் வேறு ஊரைக் காட்டினார்கள்.

பத்து நாளில் பெருமழை. தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. குளிர்சாதனப் பெட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்துக்கொண்டே அப்பா சொன்னார், "உன்னாலதான்."

"சொன்னபடி நாலு மணிக்கு ஏத்தினோமே, மந்திரியும் வந்து பார்த்தாரே, அப்பவே கால்வாய் வெட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கலாமே," என்றேன். இன்னொரு அறை விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. இன்னொரு செங்கல்லை எடுக்கக் குனிந்தார்.

அடுத்த வருஷம் மூங்கில் வெட்டும் காலம் வந்ததும் சுக்தேவ் வாசலில் வண்டியை நிறுத்தினார். ஒன்றுமே நடக்காததுபோல, "ஏறுங்க பிள்ளைங்களா, ஆத்தங்கரையில விடுறேன்," என்றார்.

"வேணாம் அங்கிள்," என்றான் மார்லன்.

அவர் வண்டிக்கு முன்னாலேயே மூவரும் தெருவை அடைத்துக்கொண்டு நடந்து போனோம். தெரு முடியும்வரை அவரால் எங்களைத் தாண்ட முடியவில்லை. நாங்கள் ஒதுங்கவும் இல்லை.