பட்டன் அமுக்கியவர்கள்

ஸ்மார்ட்போன் ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, செஞ்சியைச் சுற்றியிருந்த ஊர்களிலெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். திண்டிவனம் சாலையில் இருந்த கல்யாண மண்டபம் காலையிலேயே நிறைந்துவிட்டது. தொண்டூரிலிருந்து பூங்குழலி தன் தங்கை அன்புக்கரசியை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். தங்கைக்கு இருபது வயது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். பூங்குழலிக்கு முப்பத்தாறு.

அவளும் போன் ஆலையில் வேலை பார்த்தவள்தான். அந்தக் கம்பெனியின் பட்டன் போன் அப்போது இல்லாத வீடே கிடையாது. லைனின் கடைசியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு போனிலும் எல்லாப் பட்டனும் வேலை செய்கிறதா என்று அமுக்கிப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. ஊருக்கு வரும்போதும் கம்பெனிச் சட்டையைக் கழற்ற மாட்டாள். பிறகு டச் போன்கள் வந்தன. ஆர்டர் குறைந்தது, மூன்று ஷிப்ட் ஒரு ஷிப்டானது, கடைசியில் ஆலையையே மூடினார்கள். இப்போது அவள் செஞ்சி காந்தி பஜாரில் ஒரு பெயிண்ட் கடையில் பில் போடுகிறாள்.

தங்கையின் பெயரைப் பதிந்த பிறகு, மேசையில் இருந்த பெண்ணிடம், "எனக்கு அனுபவம் இருக்குது. என்னைச் சேத்துப்பீங்களா?" என்று கேட்டாள்.

"இருபத்தாறுக்கு மேல எடுக்கறதில்லக்கா" என்றாள் அந்தப் பெண், நிமிர்ந்து பார்க்காமல்.

பூங்குழலிக்குச் சுருக்கென்றது. தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேடையேறினார். முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது, ஆனால் வணக்கம் சொன்ன அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். தாண்டவராயன். பழைய ஆலையில் அவளுடைய லைன் சூப்பர்வைசர். சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு என்று எல்லாவற்றையும் சொன்னார். பெற்றோர்கள் பக்கம் திரும்பி, "நம்பி அனுப்புங்க, பிள்ளைங்களுக்கு நான் பொறுப்பு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இதே மாதிரி ஒரு கம்பெனி இருந்துச்சு. உலகத்துலயே நம்பர் ஒன். நானும் அதுலதான் இருந்தேன். ஏன் மூழ்கிச்சு தெரியுமா? அங்க வேலை செஞ்சவங்க மாறலை. புதுசா கத்துக்க மாட்டேன்னாங்க. கொடி புடிச்சாங்க. நீங்க அப்படி இருக்கக் கூடாது."

பூங்குழலி எழுந்து நின்றுவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"யார் சார் மாறலை?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"பூங்குழலியா? உக்காரும்மா. அப்புறம் பேசலாம்."

"போனஸ் காசுல நான் ஒரு டச் போன் வாங்கினேன். ஞாபகம் இருக்குதா? லைனை நிறுத்தி, எல்லார் எதுக்கவும் அதைத் தூக்கிக் காட்டிச் சிரிச்சீங்க. பொம்மைன்னீங்க. கீழ வுழுந்தா நொறுங்கிடும், சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் போயிடும், இத எவன் வாங்குவான்னீங்க. பஸ்ல வர்ற பொண்ணுங்க எல்லாம் இதத்தான் சார் கேக்குறாங்கன்னு சொன்னேன். அதுக்கு இன்னா சொன்னீங்க? உன்னை பட்டன் அமுக்க வெச்சிருக்குது, யோசிக்க வெக்கலைன்னீங்க. இப்ப நாங்க மாறலைன்னு மைக்கு போட்டுச் சொல்றீங்களா?"

யாரும் கை தட்டவில்லை. முன்னால் இருந்த ஓர் அம்மாள் திரும்பி, "ஏம்மா, உன் சண்டைய வெளிய வெச்சுக்க. எம்பொண்ணு பேரைக் கூப்பிடப் போறாங்க" என்றாள். வாட்ச்மேன் வந்து பக்கத்தில் நின்றார். தாண்டவராயன் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பூங்குழலி தானாகவே வெளியே போனாள். சாலையோரத்தில் வெயிலில் நின்று, தங்கை வரும்வரை கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்புக்கரசிக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் பஸ்ஸில் அவள் அக்கா பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்குள் வந்து பையைப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்னைக் கூப்புடாம வுட்டிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"கூப்பிட்டாங்க இல்ல?"

"நீ போனப்ப சட்டைய மாட்டிக்கினு பெருமையாப் போன. நான் போவுறப்ப மட்டும் உனக்கு எரியுது."

"நீ போறது எரியல. நாங்கதான் கெடுத்தோம்னு சொல்றான் பாரு, அது எரியுது. நாளைக்கு உங்க கம்பெனியும் படுத்துச்சுன்னா, நீதான் கெடுத்தேன்னு வேற ஊர்ல போய்ச் சொல்லுவான்."

"படுக்கறப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அன்புக்கரசி குளிக்கப் போனாள். அந்த வயதில் தானும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று பூங்குழலி நினைத்தாள். அது கோபத்தைக் குறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தாண்டவராயன் பெயிண்ட் கடைக்கே வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டு, "உன் தங்கச்சி பேரை லிஸ்ட்ல இருந்து நான் எடுக்கச் சொல்லல. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"எடுக்கச் சொல்லியிருந்தா கேம்புக்குக் கேம்பு வந்து கத்தியிருப்பேன்."

அவர் சிரிக்க முயன்றார். அவள் சிரிக்கவில்லை.

"மூடுனப்ப எனக்கு மட்டும் இன்னா கிடைச்சுது? இன்சூரன்ஸ் வித்தேன். சொந்தக்காரங்க என்னைப் பாத்தா கதவைச் சாத்துனாங்க. இப்பத்தான் இந்த வேலை. மேல இருந்து எழுதிக் குடுக்கறதைப் பேசறேன்."

"எங்களுக்கு ஆனதேதான் உங்களுக்கும் ஆச்சு. அதுதான் சார் ஆத்திரமே. தெரியாத ஒருத்தன் சொல்லியிருந்தா போடான்னு வுட்டிருப்பேன். கூட இருந்து பாத்த நீங்க சொல்றீங்க."

"உண்மையச் சொன்னா எப்படி? பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து தப்பா முடிவெடுத்தாங்க, அதனால மூழ்குச்சுன்னு சொன்னா எந்தப் பொண்ணு வரும்? யார் மேலயாவது போடணும் இல்ல."

"அதுக்கு நாங்கதான் கிடைச்சமா?"

கடைக்குள் வெள்ளைச் சிமெண்ட் கேட்டு ஒருவர் நுழைந்தார். பூங்குழலி பில் போடத் திரும்பினாள். திரும்பியபடியே, "அடுத்த ஊர்ல அதைச் சொல்லாதீங்க" என்றாள்.

"என் கையில இல்லம்மா" என்றார் தாண்டவராயன்.

அந்தச் சொல் அவளை அறைந்தது. ஆலையைப் பூட்டும்போதும் அதே சொல்தான். லைன் லைனாக நிற்கவைத்து, ஒவ்வொரு மேலாளரும் வந்து, என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். யார் கையில்தான் இருந்தது என்று இன்றுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் ஜெயமாலா வீட்டுக்குப் போனாள். ஜெயமாலா அதே தொண்டூர், ஜைனக் குடும்பம், பழைய ஆலையில் பேக்கிங் பிரிவு. இப்போது கணவனோடு சேர்ந்து மணிலாக் கடலை வியாபாரம் பார்க்கிறாள். மண்டபத்தில் நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"கொடி புடிச்சமாமா? பூட்டுன கேட்டு வாசல்ல சோறு தண்ணி இல்லாம உக்காந்தது கொடி புடிக்கறதா? எங்க அடுத்த கேம்ப்?"

"வல்லத்துல. வியாழக்கிழமை."

"இன்னும் ரெண்டு பேருக்குப் போன் போடு."

தளவானூரிலிருந்து மணிமொழி வந்தாள். செஞ்சியிலிருந்து பாரதி வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. நான்கு பேரும் வல்லம் சமுதாயக் கூடத்தில் ஆள் சேர்வதற்கு முன்பே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் கத்துவதில்லை என்று வரும் வழியிலேயே பேசி வைத்திருந்தார்கள். அது பூங்குழலியின் யோசனை. போன தடவை கத்தியதில், சொன்ன விஷயம் போய்க் கத்தியது மட்டும்தான் ஜனங்கள் மனதில் நின்றது.

தாண்டவராயன் மைக்கோடு வந்தார். பார்த்தார். நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். சம்பளம் சொன்னார், ஹாஸ்டல் சொன்னார். சொல்லும்போது கண் அடிக்கடி முன்வரிசைக்கு வந்து போனது. பூங்குழலி கண்ணை எடுக்கவில்லை.

"இதே மாதிரி ஒரு கம்பெனி இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். பாரதியின் குழந்தை சிணுங்கியது. அவள் அதை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அது மூழ்கிடுச்சு" என்றார். கையிலிருந்த தாளைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போனார். பஸ் எத்தனை மணிக்கு வரும், என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று வேகவேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, பின்பக்கக் கதவு வழியாக இறங்கிப் போனார்.

வெளியே வந்ததும் ஜெயமாலா காறித் துப்பினாள். "இவ்ளோதானா? தப்பு மேல இருந்தவங்க பேர்லதான்னு ஒரு வார்த்தை வரலையே."

"வராது" என்றாள் பூங்குழலி. "நம்ம மேல போடாம வுட்டான் இல்ல, இன்னிக்கு."

"நாம இருக்கறதால வுட்டான். திங்கக்கிழமை மேல்மலையனூர் கேம்ப்ல யார் உக்காருவா?"

நால்வரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு நடந்தார்கள்.

அன்புக்கரசி ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். கம்பெனி பஸ் செஞ்சிக் கூட்டுரோட்டில் நின்றது. அம்மா அழுதாள். அக்காவிடம் அவள் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். பூங்குழலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்து சீட்டுல இருக்கறவ பேரைக் கேட்டு வெச்சுக்க. ஊரையும் கேளு" என்றாள். "எல்லார் நம்பரையும் வாங்கி வெச்சுக்க. இன்னா, புரியுதா?"

"சரிக்கா" என்றாள் அன்புக்கரசி. குரலில் இன்னும் முறைப்பு இருந்தது. பஸ் நகர்ந்தது. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பூங்குழலி மேல்மலையனூர் பஸ் ஏறினாள்.