மதுமதியை அளந்த கருவி

பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் கோபாலசுப்பிரமணியன் இயற்பியல் ஆசிரியர், அன்னத்தாய் தமிழாசிரியை. இருவரும் ஒரே சிறுவர் மாத இதழில் கதை எழுதிவந்தார்கள். கோபாலசுப்பிரமணியனின் கதைகளில் விண்கலங்கள் பறக்கும். அன்னத்தாயின் கதைகளில் பூதங்கள் உலவும். ஒருவர் எழுதியதை மற்றவர்தான் முதலில் படிப்பார்.

கேபிள் டிவி வந்தபின் இதழின் விற்பனை படுத்துவிட்டது. அதை நடத்திவந்த அசன் முகம்மது ஒரு போட்டி வைத்தார். விண்வெளிப் படையும் மாயப் படையும் தாமிரபரணிக் கரையில் மோத வேண்டும். ஒரு மாதம் சார் எழுதுவார், மறுமாதம் டீச்சர். கடைசியில் ஜெயித்தது யார் என்று பிள்ளைகள் தபால் அட்டையில் எழுதிப் போடுவார்கள்.

மாயப் படைக்குத் தலைவியாக மீன்கொத்தியின் மேல் ஏறி ஒரு சிறுமி வந்தாள். பெயர் மதுமதி. அது அன்னத்தாயின் மகள் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அவளை அடக்கம் செய்தபோது கோபாலசுப்பிரமணியனும் ஆற்றங்கரையில் நின்றிருந்தார்.

கதையில் மதுமதியை எந்த ஆயுதத்தாலும் கொல்ல முடியவில்லை. ஏற்கெனவே செத்தவளுக்கு இன்னொரு சாவு கிடையாது என்று அன்னத்தாய் எழுதியிருந்தார். கதிர்த் துப்பாக்கிகள் உருகின. விண்கலங்கள் ஆற்றில் விழுந்தன. சார் தோற்றுவிடுவாரா என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்கக் கேட்க அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அன்னத்தாயிடம் காட்டாமலே கடைசி அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுத்தார்.

அதில் விஞ்ஞானிகள் ஆயுதம் எடுக்கவில்லை. ஒரு கருவியை மதுமதிக்கு நேரே திருப்பினார்கள். எடை இல்லை, சூடு இல்லை, நிழல் இல்லை. 'இப்படி ஒரு சிறுமி ஒருநாளும் இருந்ததில்லை' என்று அது அறிவித்தது. மறுகணம் மீன்கொத்தி மட்டும் பறந்துபோனது.

தபால் அட்டைகள் வந்து குவிந்தன. அறிவியல்தான் ஜெயித்தது.

இதழ் வந்த வாரம், ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் அன்னத்தாய் கோபாலசுப்பிரமணியனின் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"செத்துப்போனாள்னு எழுதியிருந்தா பொறுத்திருப்பேன் சார். இல்லவே இல்லைன்னுல்லா எழுதிட்டீங்க."

"கதைதானே டீச்சர்," என்றார் அவர். சொன்ன பிறகுதான் தன் குரலே அவர் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலமே அசன் முகம்மதுவிடம் போய், இன்னும் ஒரு அத்தியாயம் எழுதி அவளைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று கெஞ்சினார். முடிவு அறிவித்தாயிற்று, இனி மாற்றினால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அவர் கையை விரித்தார். மறுநாள் கோபாலசுப்பிரமணியன் அன்னத்தாயிடமே கேட்டார்: அவளைத் திரும்ப வரவைத்து நீங்களே எழுதுங்கள், போட வைப்பது என் பொறுப்பு.

"நீங்க இருக்கான்னு சொன்னா இருப்பா, இல்லைன்னு சொன்னா இல்லையாக்கும்?" என்றார் அன்னத்தாய், திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "இனிமே அவ பேரை உங்க வாயால சொல்லாதீங்க."

பள்ளி ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் கோபாலசுப்பிரமணியனுக்குக் கேடயம் கொடுத்து, பகுத்தறிவு வென்றது என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியைகள் வரிசையில் இருந்ததால் அன்னத்தாயும் தட்டினார்.

ஜூன் மாதம் அன்னத்தாய் வள்ளியூருக்கு மாற்றல் வாங்கிப் போனார். அதற்குப் பிறகு எந்த இதழிலும் அவர் பெயர் வரவில்லை. கோபாலசுப்பிரமணியன் இன்னும் நான்கு வருஷம் எழுதினார். முதலில் படித்துச் சொல்ல ஆளில்லாமல், எழுதியதை அப்படியே அனுப்பினார்.