ஹீலர் எடுக்காதீங்க

பத்தாவது லெவலுக்கு வந்ததும் அந்த கேம் நின்றுகொண்டது. அதுவரை கையில் ஒரு தடியோடு பச்சைக் கூழ்ப் பூச்சிகளை அடித்துக்கொண்டிருந்த சுடர்விழியின் பொம்மையை ஒரு மண்டபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, எதிரே ஐந்து பேரை வரிசையாகக் காட்டியது. அடி வாங்கிக்கொண்டு முன்னால் நிற்கிற டேங்க், வாள்காரி, வில்காரி, நெருப்பு வீசுகிற மந்திரவாதி, கடைசியாக வெள்ளைச் சேலை போல எதையோ சுற்றிக்கொண்டு, அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுகிற ஹீலர். யாராக இருக்கப்போகிறாய் என்று இப்போதே சொல், பிறகு மாற்ற முடியாது என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். சுடர்விழி போனை அணைத்து வைத்துவிட்டாள். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாலும் தானே இன்னொரு தரம் தூக்கிப் பார்க்கிற ரகம் அவள். பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கிற அவள் அம்மா கன்னியம்மாளுக்கு இதில் தீராத குறை உண்டு. பெற்ற தாய் கடையிலிருந்து கொண்டுவருகிற கீரையைக்கூட அந்தப் பெண் கட்டைப் பிரித்து உதறிப் பார்த்துவிட்டுத்தான் ஆய்வாள்.

இந்த கேமை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தவன் இளம்பரிதி. பாண்டிச்சேரியிலேயே சாரம் பகுதிக்காரன், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவன் வீட்டிலிருந்து வந்து அவளுக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நிச்சயத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் பீச்சில் ஜோடியாக நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், கேமில் நடந்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதை இப்போது இல்லையென்று சொல்லி என்ன ஆகப்போகிறது.

எந்த ஆளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றான் முதலில். மறுநாள், ஹீலர் உனக்குப் பொருத்தமாக இருக்கும் என்றான். அதற்கடுத்த நாள், ஹீலர்தான் ரொம்ப சுலபம், பின்னால் நின்றால் போதும் என்றான். பிறகு எடுத்துவிட்டாயா, எடுத்துவிட்டாயா என்று காலையும் மாலையும் கேட்க ஆரம்பித்தான். எதை வேண்டுமானாலும் எடு என்று சொன்னவனுக்கு இத்தனை அவசரம் எதற்கு என்று அவளுக்கு மூக்கில் வேர்த்தது.

சுடர்விழி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதுகெலும்பு உடைந்தவர்கள் மாதக்கணக்கில் கிடக்கிற வார்டு. வரன் கொண்டுவந்த தரகர், மாப்பிள்ளை வீட்டார் ஒரு டீச்சரையும் பேங்க் பெண்ணையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு நர்ஸ்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். பூ வைக்க வந்த அன்று இளம்பரிதியின் அம்மா அவளைத் தனியாக அழைத்து எந்த வார்டு என்று கேட்டாள். சொன்னதும் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. அடுத்த பேச்சு, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவேண்டாம், வீட்டோடு இருந்துவிடலாம் என்று வந்தது. நர்ஸ் வேண்டுமாம், ஆனால் அவள் நர்ஸ் வேலைக்குப் போகக்கூடாதாம். இது என்ன கணக்கு என்று அன்றைக்கே அவள் அம்மாவிடம் கேட்டாள். நல்லது நடக்கும்போது நொட்டை சொல்லாதே என்று கன்னியம்மாள் வாயை அடைத்துவிட்டாள்.

கன்னியம்மாளுக்கு வேறு வழியும் இல்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள்தான் போவார்கள், பெண் போவது வழக்கமில்லை. போனவர்கள் அங்கே கை நனைத்தால், அதாவது ஒரு வாய் சாப்பிட்டால், சம்மதம் என்று பொருள். பூ வைப்பதற்கு முன்பே கன்னியம்மாள் வடை பாயசத்தோடு வயிறாரக் கை நனைத்துவிட்டு வந்திருந்தாள். வீட்டைப் பற்றி அவள் சொன்னதில் ஒன்று மட்டும் மகளின் மனதில் முள்ளாக நின்றது. கூடத்தை ஒட்டி ஒரு அறை சாத்தியே இருந்ததாம். பழைய சாமான் போட்டு வைத்திருக்கிறோம் என்றார்களாம். உள்ளே ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஒரு முனகல் கேட்டதாம். மூத்த பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு, ஃபிரான்ஸில் இருக்கிறான் என்றார்களாம். பாண்டிச்சேரியில் ஒருத்தன் ஃபிரான்ஸில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். தெருவுக்கு ஒருவன் அங்கே இருக்கிறானே. கன்னியம்மாளும் கேட்கவில்லை.

பழைய சாமான் போட்ட அறையில் ஓடுகிற ஃபிரிட்ஜ் எதற்கு என்று சுடர்விழி மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

கேமில் இளம்பரிதியின் கூட்டம் மூன்று பேர். அவன் மந்திரவாதி, அறுபதைத் தாண்டிய லெவல், உடம்பெல்லாம் தகதகவென்று நெருப்பு. அவனுடைய ஸ்கூல் நண்பன் கிளாட்வின் வில்லாளி. மூன்றாவது ஆள் டேங்க், மதில் என்று பேர் வைத்திருந்தவன். பத்தாவது லெவலில் ஆளைத் தேர்ந்தெடுக்காதவர்களும் கூட்டத்தோடு சுற்றலாம், பேசலாம், அடிக்க மட்டும் அதே தடிதான். முதல் நாளே கிளாட்வின் வெள்ளந்தியாக, அப்பாடா ஹீலர் வந்தாச்சு, பொண்ணு பாக்க ஆரம்பிச்சப்பவே கொண்டுவரேன்னு பரிதி சொன்னான் என்று உளறிவைத்தான். பெண் பார்க்க ஆரம்பித்தபோது இவளை அவனுக்குத் தெரியவே தெரியாது. இளம்பரிதி சட்டென்று பேச்சை மாற்றினான். அவன் மாற்றிய வேகத்தை அவள் கவனித்தாள்.

மதில் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் எந்த ராட்சசன் வந்தாலும் தடி வைத்திருந்த இவளுக்கு முன்னால் வந்து நின்று எல்லா அடியையும் தானே வாங்கிக்கொள்வான். ஒருநாள் அவனிடமிருந்து அவளுக்கு மட்டும் தனியாக ஒரு வரி வந்தது. ஹீலர் எடுக்காதீங்க என்று எழுதியிருந்தான். ஏன் என்று கேட்டாள். சொல்ல முடியாது, எடுக்காதீங்க என்று மறுபடியும் அதே பதில்.

அவளுக்கு இவன் மேலும் சந்தேகம் வந்தது. கல்யாணத்தைக் கலைக்கப் பார்க்கிறவனோ, இளம்பரிதியிடம் ஏதோ பழைய பகை வைத்திருக்கிறவனோ, இல்லை இளம்பரிதியே வேறு பெயரில் வந்து ஆழம் பார்க்கிறானோ. ஹீலர் எடு என்று ஒருவன் பின்னால் தள்ளுகிறான், எடுக்காதே என்று இன்னொருவன் கையைப் பிடிக்கிறான், காரணத்தை மட்டும் இரண்டு பேருமே சொல்வதில்லை. போயும் போயும் ஒரு பொம்மைக்கு உடுப்பு மாட்டுகிற விஷயம். இதில் என்னடா இத்தனை மர்மம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். யாருடைய மைக்கில் சத்தம் விழுகிறதோ அவர்கள் பெயர் திரையோரத்தில் பச்சையாக எரியும். பேச்சு ஓய்ந்திருந்த நேரத்தில் ஒரு குக்கர் விசில் அடித்தது. இளம்பரிதியின் பெயர் பச்சையானது. அதே நொடியில் மதிலின் பெயரும் பச்சையானது. ஒரே விசில், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றாக, அவள் காதில் இரண்டு தரம் கேட்டது.

சுடர்விழி தடியைக் கீழே போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். இன்னொரு விசில். மறுபடியும் இரண்டு பெயர்களும் பச்சை. விசில் அடங்கிய பிறகும் மதிலின் பெயர் மட்டும் அணையாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் பேசவில்லை. அவனுக்குப் பின்னால் ஏதோ ஒன்று தணிந்த குரலில் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலை அவள் வாரத்தில் ஆறு நாள் கேட்கிறவள். புரள முடியாதவர்களுக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடுகிற காற்று மெத்தையின் மோட்டார். அம்மா ஃபிரிட்ஜ் என்று நினைத்தது அதைத்தான்.

மதிலுக்குத் தனியாக எழுதினாள்.

"மெத்தை மோட்டார் சத்தம் ஜாஸ்தியா இருக்கு. ட்யூப் மடங்கியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க."

பதில் வர வெகுநேரம் ஆனது. அதற்குள் ராட்சசன் மதிலை அடித்துச் சாய்த்துவிட்டான், இளம்பரிதி கத்திக்கொண்டிருந்தான்.

"நான் ஃபிரான்ஸ்ல இல்லம்மா. பக்கத்து ரூம்ல இருக்கேன்" என்று வந்தது.

பிறகு துண்டு துண்டாகச் சொன்னான். பெயர் நெடுமாறன். கனகசெட்டிக்குளத்துக்கு ஒரு கூட்டாளியின் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வண்டி சறுக்கிக் கழுத்தில் அடி. வலது கை மட்டும் தப்பித்தது, அதை வைத்துத்தான் கேம். தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து அம்மாவின் இடுப்பு ஒடிந்துவிட்டது. தம்பி நல்லவன்தான், ஆனால் அறைக்குள் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வான். அண்ணன் இப்படிக் கிடக்கிறான் என்றால் யாரும் பெண் தரமாட்டார்கள் என்று பேச்சளவில் ஃபிரான்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். தாலி கட்டிக் கூட்டிவந்த பிறகு அவள் எங்கே போகப்போகிறாள் என்று கூடத்தில் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருக்கிறது.

"கதவச் சாத்துனா காது கேக்காதுன்னு நெனச்சிட்டாங்க. எனக்காக ஒருத்தர ஏமாத்திக் கூட்டினு வர்றது எனக்குப் பொறுக்கல. எங்க வீட்டுக்கும் ஹீலரா வந்துடாதீங்கம்மா."

சுடர்விழி அழுதாள். அவனுக்காகப் பாதி, தனக்காகப் பாதி.

மறுநாள் வேலை முடிந்ததும் இளம்பரிதியை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னாள். நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் செவுளைத் தூக்கிப் பார்க்கிற புத்தி எங்கே போகும். நான் யோசித்துவிட்டேன், எனக்கு வாள்காரிதான் பிடித்திருக்கிறது, டீமுக்கு ஹீலர் வேண்டுமென்றால் நீங்கள் ஆகிவிடுங்களேன் என்றாள்.

அவன் இதைப் பெரிய ஜோக்காக எடுத்துக்கொண்டான். ஒருவருக்கு ஒரு ஆள்தான், இருக்கிறதை அழித்துவிட்டு ஒன்றாவது லெவலிலிருந்து தொடங்கவேண்டும் என்று விளக்கினான்.

"மூணு வருஷமா ஏத்தி வெச்ச லெவல் சுடர். யாராவது அழிச்சுட்டுப் போய் ஹீலரா நிப்பாங்களா?"

"நான் ஏத்தி வெச்சது இருபத்தாறு வருஷம்" என்றாள்.

அவனுக்கு அது விளங்கவில்லை. உங்கள் அண்ணன் ஃபிரான்ஸில் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவள் கேட்டதும் விளங்கிவிட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்தான். தப்புத்தான் என்று சொல்வான், தலையையாவது குனிவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"யாரு சொன்னது?" என்றான்.

அண்ணன் பெயரைச் சொன்னால் அந்தப் படுக்கையில் இருக்கிற ஒரே ஜன்னலான போனையும் பிடுங்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. உங்க வீட்டுக் குக்கர் சொல்லிச்சு என்றாள். விசில் இரண்டு மைக்கில் விழுந்ததையும், பின்னால் கேட்ட மோட்டாரையும் விளக்கினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. நிச்சயம் முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன் என்று அவன் இழுத்தான்.

"முன்னாடியே கேட்டிருந்தா ஒத்துக்கினு இருந்தாலும் இருந்திருப்பேன். தெனம் நான் செய்யற வேலதானே. கேக்காம ஏன் திருடப் பாத்தீங்க?"

பூ வைத்தபோது கொடுத்த புடவையைக் கன்னியம்மாள்தான் திருப்பிக் கொடுக்கப் போகவேண்டியிருந்தது. கை நனைச்சுட்டு வந்தேனே, இப்ப எந்த மூஞ்ச வெச்சுக்கினு போவேன் என்று புலம்பினாள். கை நனைச்ச நீ அந்தக் கதவைத் தட்டியிருக்கலாமே என்று மகள் கேட்டாள். கேமில் எவனோ பேசியதை நம்பிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டாள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. பேசிக்கொள்ளட்டும் என்று சுடர்விழி விட்டுவிட்டாள். ஆனால் இளம்பரிதியின் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

சில நாள் கழித்து அந்த கேமைத் திறந்தாள். அதே மண்டபம், அதே ஐந்து பேர். மதிலின் பெயர் இருட்டாகவே இருந்தது. போனைப் பிடுங்கிவிட்டார்களோ என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெயர் வெளிச்சமானது.

சுகமா என்று கேட்டான். சுகம் என்றாள். ஒரு அதிசயம் சொல்லட்டுமா என்று எழுதினான்.

"தம்பி அவன் மந்திரவாதிய அழிச்சுட்டான். ஹீலரா ஆகறதுக்கு மொதல்லேர்ந்து ஆடறான். தடிய வெச்சுக்கினு கூழ்ப் பூச்சிகிட்ட அடி வாங்கிச் சாவறான், பாவம்."

ஒரு நிமிஷம் அவளுக்கு மனசு இளகியது. மூன்று வருஷத்தை ஒருத்தன் அழித்திருக்கிறான், சும்மாவா. உடனே பழைய புத்தி எட்டிப் பார்த்தது. இதை அண்ணனுக்காகச் செய்தானா, அவள் காதுக்கு எட்டட்டும் என்று செய்தானா. நெடுமாறனிடம் ஒன்று கேட்டாள்.

"கேம்ல சரி. இன்னைக்கு உங்களத் திருப்பிப் படுக்க வெச்சது யாரு?"

"அம்மாதான்" என்று வந்தது.

சுடர்விழி வாள்காரியை அழுத்தினாள். மண்டபம் மறைந்து, பொம்மையின் கையில் தடி போய் வாள் வந்தது. அவள் மதிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஒரே ஒரு வரி எழுதினாள்.

"நாளைக்கும் கேப்பேன்."