பாட்டில்லாத ஹெட்போன்

“என் கல்யாணத்துக்காவது கட்டிலுக்கு அடியிலேர்ந்து வெளிய வருவியாடி?” என்று யார்லெடிஸ் அக்கா கேட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

தெருவிழாக்களில் பாட்டுப் போடும் எங்கள் அப்பா எவுசேபியோவின் பிக்கோவைப் பாரன்கீயா நகரத்தில் தெரியாதவர் குறைவு. ஆளைவிட உயரமான ஒலிபெருக்கிப் பெட்டிகள், முகப்பில் வாய் பிளந்த சிங்கத்தின் படம். அது பாடினால் தெருவே ஆடும். எனக்குக் காதுக்குள் ஊசி இறங்கும், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வேன். பள்ளிக்கூடத்து இரைச்சலும் அப்படித்தான். அதனால்தான் பாதியில் நின்றேன். மகள் கல்யாணத்தில் சிங்கம் பாடாமல் இருக்குமா?

அக்கா என்னைக் கடைவீதிக்கு இழுத்துப் போனாள். ஹெட்போன் கடை வாசலிலேயே ஒருவன் மைக்கில் கத்தி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் ஒன்றை என் தலையில் மாட்டி, பாட்டை முழுசாகத் திருகினார்.

“எப்படி, நெஞ்சு அதிருதா?”

பிடுங்கி எடுத்துவிட்டேன். “பாட்டு வேண்டாம்ணே. சும்மா மாட்டிப் பாக்கணும்.”

“பாட்டில்லாம ஹெட்போனா? மீனில்லாம மீன் சூப் கேக்கற மாதிரியில்ல இருக்கு!”

“அவ கேக்கறதைக் குடுங்க. மாட்டிக்கப் போறது அவ தலைதானே, உங்க தலையா?” என்றாள் அக்கா.

ஒன்று காதுமடலை நசுக்கியது. இன்னொன்று நெற்றிப்பொட்டை இறுக்கியது. கடைசியாகக் கொடுத்ததில் காது முழுக்க மெத்தைக்குள் அடங்கியது, எடையே தெரியவில்லை. இரைச்சலை அடக்கும் பொத்தானை அழுத்தினார். வாசல்காரன் வாய் திறந்து திறந்து மூடியது. குரல் மட்டும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. மாட்டியபடியே பஸ் ஏறினேன்.

பிக்கோக்காரர் குடும்பத்துக்குச் சிங்கத்தின் வாய்க்கு நேரெதிரே முதல் வரிசை. அதுதான் மரியாதை. கல்யாணத்தன்று அங்கே உட்கார்ந்தேன். அதிர்வில் நாற்காலி நடுங்கியது. ஆனால் ஊசி இறங்கவில்லை. அக்கா மாப்பிள்ளையோடு ஆடியதைக் கண்ணாரப் பார்த்தேன்.

ஒரு பாட்டு ஓய்ந்த நேரம் தொமாசா அத்தை கத்தியது எனக்கே கேட்டது. “எவுசேபியோ! ஊரே உன் பாட்டுக்கு ஆடுது, உன் மக காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா பாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா விறுவிறுவென்று வந்து ஹெட்போனைக் கழற்றினார். அதே நேரம் பெட்டிகள் மறுபடி முழங்கின. கண்ணை இறுக்கிக் காதைப் பொத்திக்கொண்டேன்.

கண் திறந்தபோது ஹெட்போன் அவர் தலையில் இருந்தது. ஆடுகிற கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கழற்றினார். சட்டென்று முகம் சுளித்தது. தன் சிங்கத்துக்கு அவர் முகம் சுளித்து நான் பார்த்ததே இல்லை.

அதை என் தலையில் மாட்டி, காது வெளியே தெரியாதபடி மெத்தையைச் சரிசெய்தார். என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தள்ளி வாதுமை மரத்தடியில் போட்டார். அங்கிருந்தும் அக்கா நன்றாகத் தெரிந்தாள். நான் உட்காரும்வரை நின்றார். பிறகு பெட்டிகளிடம் திரும்பிப் போனார்.